இடைவேளையிலேயே சுபம்

பெண் பார்த்தார்கள், பெரியவர்கள் மறுத்தார்கள், வில்லன் குறுக்கே விழுந்தான், கடைசியில் தாலி கட்டினார்கள். அத்தோடு 'சுபம்' போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவது தமிழ் சினிமாவின் பழைய வழக்கம். தாலி ஏறிய பிறகு அந்த வீட்டில் யார் யாரை அடித்தார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்பதெல்லாம் கொட்டகைக்காரருக்கு வேண்டாத சமாசாரம். 2021 செப்டம்பர் 10-ல் வெளியான 'தலைவி' இந்த வழக்கத்தை ஒரு முதலமைச்சருக்கே பொருத்திக் காட்டியது. இரண்டரை மணி நேரப் படம். கங்கனா ரணாவத் உடம்பை ஏற்றினார், இறக்கினார்; அரவிந்த்சாமி தொப்பி போட்டார்; நாசர் கறுப்புக் கண்ணாடி போட்டார். 1991 ஜூன் 24-ல் ஜெயலலிதா முதல் முறையாக முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். எழுந்து போங்கள், படம் முடிந்தது.

எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பமே.

நாங்கள் என்றால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள். சென்னை என்று சொன்னால் மயிலாப்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள், கிராமம் என்று சொன்னால் ரேஷன் கடைக்காரர் சிரிப்பார். எங்களுக்கு அந்த அம்மையாரைத் தெரிந்ததெல்லாம் 1991-க்குப் பிறகுதான். 'வெண்ணிற ஆடை' பார்த்தவர்களும், எம்.ஜி.ஆரோடு அவர் நடித்த 28 படங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பவர்களும் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் கோப்பில் கையெழுத்துப் போட்டு எங்கள் வாழ்க்கைக்குள் வந்தவர் அந்த நடிகையில்லை. வந்தவர் முதலமைச்சர். அந்த முதலமைச்சர் படத்தில் கடைசி ரீலில் பிறந்து, கடைசி ரீலிலேயே மறைந்துவிடுகிறார்.

படத்தில் இருப்பதெல்லாம் மற்றவர்கள் அவருக்குச் செய்தது. அதில் பொய் என்று நான் அடம்பிடிக்கவில்லை. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆரின் உடல் ஏறிய பீரங்கி வண்டியிலிருந்து அவரைத் தள்ளி இறக்கியது அசிங்கம். 1989 மார்ச் 25-ல் சட்டமன்றத்திலிருந்து ஒரு பெண் எதிர்க்கட்சித் தலைவர் தலை கலைந்து, சேலை கலைந்து வெளியே வர நேர்ந்தது அதைவிட அசிங்கம். இந்த நாட்டின் ஆண்கள் கூட்டம் ஒரு பெண்ணை அரசியலில் எப்படி நடத்தும் என்பதற்கு அவை சாட்சி; படம் எடுக்கத்தான் வேண்டும். என் கோபம் வேறு. அவருக்குச் செய்யப்பட்டதை மட்டும் காட்டி, அவர் செய்ததைக் காட்டாமல் நிறுத்துகிறவர் எழுதுவது வாழ்க்கை வரலாறா, ஜாமீன் மனுவா?

அந்த மனுவிலும் துணிச்சல் கிடையாது. எம்.ஜி.ஆர் படத்தில் எம்.ஜே.ஆர். கருணாநிதி வெறும் கருணா. ஆர்.எம்.வீரப்பன் ஆர்.என்.வீ. ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். ஆயிரம் விளக்கிலிருந்து ஆவடி வரை தெரிந்த முகங்களுக்கு முகமூடி போட்டு, அந்த முகமூடியிலும் அவர்கள் முகத்தையே வரைந்திருக்கிறார்கள். அண்ணன் மகள் ஜெ. தீபா உயர் நீதிமன்றம் போனார்; தடை கிடைக்கவில்லை. படம் வந்ததும் முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆட்சேபம் சொன்னார். எதற்கு? எம்.ஜி.ஆர் மந்திரி பதவி கேட்டதாகக் காட்டியது தவறாம். அம்மா ஆண்ட பதினாலு ஆண்டுக்கும் மேலான காலத்தைக் காணோமே என்று அம்மாவின் அமைச்சர் கேட்கவில்லை. காணாமல் போனதில் அவருக்கும் நிம்மதியோ என்னவோ.

இனி இந்தப் படத்தின் இயக்குநரைப் பற்றி. ஏ.எல். விஜய். இதே விஜய் 2013-ல் நடிகர் விஜய்யை வைத்து ஒரு படம் எடுத்தார். அதன் பெயர் 'தலைவா'. ஆகஸ்ட் 9-ல் உலகம் முழுக்க வெளியானது, தமிழ்நாட்டைத் தவிர. போஸ்டரில் பெயருக்குக் கீழே 'டைம் டு லீட்' என்று ஒரு வாசகம் இருந்தது. அரசு தடை எதுவும் போடவில்லை. அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். யாரோ பெயர் தெரியாத கூட்டம் தியேட்டர்களுக்கு மிரட்டல் விட்டதாம், திரையரங்குக்காரர்கள் பயந்தார்களாம். லட்சம் பேர் கூடும் மாநாட்டுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் போலீசுக்கு ஒரு சினிமாக் கொட்டகைக்குக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. படக்குழு முதலமைச்சர் ஜெயலலிதாவைப் பார்க்கக் கோடநாடு வரை போய், பார்க்க முடியாமல் திரும்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. கதாநாயகன் கேமரா முன்னால் நின்று முதலமைச்சரைப் புகழ்ந்து வேண்டுகோள் விடுத்தார். ஆகஸ்ட் 20-ல் படம் வந்தது. வாசகம் வரவில்லை. (அந்த வாசகத்தின் ஆசை 2024 பிப்ரவரியில் ஒரு கட்சியாகவே வந்துவிட்டது, அது வேறு படம்.)

இந்தப் பதினோரு நாளை அனுபவித்த இயக்குநருக்கு ஜெயலலிதாவைப் பற்றிப் படம் எடுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. நேரில் கண்ட சாட்சி. அதிகாரம் எப்படிப் பேசாமலே பேசும், தடை போடாமலே எப்படித் தடுக்கும், ஒரு பெரிய நட்சத்திரத்தின் முதுகெலும்பு எத்தனை நாளில் வளையும் என்பதை அருகில் நின்று பார்த்தவர். வேறெந்த நாட்டிலாவது இருந்திருந்தால் அந்தப் பதினோரு நாளே முழுப் படமாகியிருக்கும். நம் ஊரில் அவர் 'தலைவா' என்பதன் கடைசி எழுத்தை மாற்றித் 'தலைவி' எடுத்தார். 'நெருப்புப் பெண்மணி' கதை. நெருப்பு யாரைச் சுட்டது என்ற பேச்சே இல்லை.

அவரை மட்டும் சொல்வானேன். அந்தத் தொழிலே அப்படித்தான் இருந்தது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூப'த்தை 31 மாவட்டக் கலெக்டர்கள் ஒரே நாளில் 144 போட்டு நிறுத்தினார்கள். கமல்ஹாசன் நாட்டை விட்டே போக நேரலாம் என்று கண் கலங்கினார். அடுத்த ஆண்டு 2014 செப்டம்பர் 27. பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டு சிறை, நூறு கோடி ரூபாய் அபராதம் என்றார். மூன்றாம் நாள் தமிழ்த் திரையுலகம் சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தது. யாரை எதிர்த்து? தீர்ப்பை எதிர்த்து. தன் படங்களின் கழுத்தில் கால் வைத்திருந்தவருக்காகப் பட்டினி கிடந்த தொழில், அவர் போன பிறகு அவரைப் பற்றி உண்மைப் படம் எடுக்கும் என்று எதிர்பார்த்த நாம்தான் முட்டாள்கள். 2011-லிருந்து 2016 வரை அந்த அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213. உச்ச நீதிமன்றமே கூப்பிட்டுக் கணக்குக் கேட்டது. 213 வழக்கும் பத்திரிகைக்காரன் மீதும் எதிர்க்கட்சிக்காரன் மீதும்தான். சினிமாக்காரன் மீது போட வேண்டிய தேவையே எழவில்லை. முதுகு ஏற்கெனவே தரையில் இருந்தது.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு நாங்கள் உதவத் தயாராக இருக்கிறோம். தயாரிப்பாளர் சாருக்கு ஒரு விண்ணப்பம்: லொக்கேஷன் தேடி ஐதராபாத் போக வேண்டாம், செட்டுக்குத் தச்சுக்கூலியும் வேண்டாம். மீதிக் கதை முழுக்க எங்கள் பக்கத்தில் தயாராக நிற்கிறது. ஷூட்டிங் எங்களுக்குப் புதிதில்லை. செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டிக்கு வராத நட்சத்திரம் இல்லை. 2020 பிப்ரவரியில் அங்கே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். ஆகவே க்ரேன் ஷாட் மட்டும் பார்த்து வையுங்கள்.

முதல் காட்சிக்குப் பெங்களூரு நெடுஞ்சாலை. முதல் பாகத்தின் அந்த மகத்தான வெற்றி, அ.தி.மு.க. - காங்கிரஸ் அணிக்கு 234-ல் 225 இடம், வெறும் வீரத்தால் மட்டும் வந்ததில்லை. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி விமான நிலையத்திலிருந்து இந்த வழியாகத்தான் போனார்: போரூர், பூந்தமல்லி, பிறகு ஸ்ரீபெரும்புதூர். அடுத்த மாதம் பெட்டி திறந்தபோது நாட்டின் அழுகையும் சேர்ந்தே எண்ணப்பட்டது. அந்தக் கொலை வழக்கும் பூந்தமல்லித் தனி நீதிமன்றத்திலேயே நடந்து, 1998 ஜனவரி 28-ல் 26 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று.

அந்த நீதிமன்ற வளாகம் உங்களுக்கு மறுபடி உதவும். கரையான்சாவடி நிறுத்தத்தில் இறங்கினால் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். 2002 ஜூலை 11-ல் வைகோ அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே பொடா சட்டத்தில் கைது. குற்றம், திருமங்கலத்தில் பேசியது. வேலூர்ச் சிறையிலிருந்து பூந்தமல்லி பொடா கோர்ட்டுக்கு அவரை வேனில் கொண்டுவருவார்கள், கொண்டுபோவார்கள். சாலையோரம் தொண்டர்கள் நின்று கத்துவார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தப் பயணம் நடந்தது. பழ. நெடுமாறன், சுப. வீரபாண்டியன், 'நக்கீரன்' கோபால் என்று பொடா பலரையும் தேடி வந்தது. இதில் திரைக்கதை ஆசிரியர் கற்பனை செய்யவே முடியாத திருப்பம் இரண்டு. ஒன்று, அந்தச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரித்தவர்களில் வைகோவின் கட்சியும் உண்டு. இரண்டு, 2006 தேர்தலில் அவர் அதே ஜெயலலிதாவோடு கூட்டணி சேர்ந்தார். சிறைக்கு அனுப்பியவரும் சிறையிலிருந்து வந்தவரும் ஒரே அணி. இந்தக் காட்சியில் வைகோவுக்கு ஓர் எழுத்தை மாற்றிப் பெயர் வைக்க முயலுங்கள் பார்ப்போம்.

நடுவில் வேகமாக ஓட்ட வேண்டிய சில காட்சிகள் உண்டு. அதற்கு எங்கள் ஊர் வேண்டாம். 1992-ல் கும்பகோணம் மகாமகக் குளத்தில் நெரிசலில் செத்தவர்கள். மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியவர் வீட்டில் 28 கிலோ தங்கம். 1995 செப்டம்பர் 7-ல் ஊரைத் தோரணம் கட்டி நடத்திய வளர்ப்பு மகன் கல்யாணம். ஓராண்டுக்குள் மகனே இல்லை என்ற அறிவிப்பு. 2001-ல் ஆட்சிக்கு வந்ததும் அந்த முன்னாள் மகன் மீது ஹெராயின் வழக்கு. சீரியல்காரர்கள் இதற்குத் தனியாக ஐந்நூறு எபிசோட் எடுப்பார்கள். 2000 பிப்ரவரி 2-ல் தர்மபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிந்து மூன்று மாணவிகள் கருகினார்கள், அம்மாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை என்ற ஆத்திரத்தில். எரித்தவர்களை 2018-ல் எம்.ஜி.ஆர் நூற்றாண்டு என்று சொல்லி விடுதலை செய்தது அம்மாவின் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசு. இதை மட்டும் ஓட்ட வேண்டாம். நின்று எடுங்கள். பாட்டு வேண்டாம், ஸ்லோமோஷன் வேண்டாம், 'அம்மா' என்று பின்னணிக் குரல் வேண்டவே வேண்டாம்.

2003 ஜூலைக்கு மறுபடி எங்கள் பக்கம் வந்துவிடுங்கள். வாத்தியார், டைப்பிஸ்ட், வருவாய்த்துறை குமாஸ்தா என்று அரசு ஊழியர் நிறைய குடியிருக்கும் தெருக்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் உண்டு. அந்த வேலைநிறுத்தத்தில் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டி வாத்தியார்களை வேனில் ஏற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் சாராயக் கடைகளை டாஸ்மாக் பெயரில் அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாராயக் கடைக்கு ஆள் எடுத்த வருஷம் என்று எந்த வரலாற்றுப் பாடத்திலும் இல்லை. படத்திலாவது ஒரு கார்டு போடலாம்.

இனி முக்கியமான லொக்கேஷன். செம்பரம்பாக்கம் ஏரி.

பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. சாதாரண நாளில் வந்தால் ஏரிக்கரையில் ஜோடிகள் உட்கார்ந்திருக்கும், மீன் வறுத்த வாசனை வரும், டூயட்டே எடுக்கலாம். நாங்கள் சொல்வது 2015 டிசம்பர் 1. நவம்பர் முழுக்கப் பெய்த மழை, ஏரி நிரம்பி நிற்கிறது, வானிலைக்காரர்கள் இன்னும் பெருமழை வருகிறது என்கிறார்கள். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் வைத்திருக்கலாமே என்பது ஏரிப் பாசனம் பார்த்த எந்தக் கிழவருக்கும் தோன்றும் யோசனை. அன்று ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் பெய்தது சுமார் 47 சென்டிமீட்டர். பிறகு மதகு திறந்தது. விநாடிக்கு 29,000 கன அடி. குன்றத்தூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம் என்று அடையாறு போகிற வழியெல்லாம் படுக்கையில் இருந்தவர்களைப் படுக்கையோடு எழுப்பியது. முதல் மாடி வரை தண்ணீர். வயதானவர்களை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூக்க ஆள் இல்லாத வீடுகளும் இருந்தன.

மேலிடத்து உத்தரவுக்காக அதிகாரிகள் காத்திருந்தார்கள், அதனால்தான் தாமதம் என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. தலைமைச் செயலாளர் நீண்ட அறிக்கை விட்டு மறுத்தார். யார் சொல்வது நிஜமென்று சண்டை போட நான் வரவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 21 மணி நேரம் தொடர்ந்து 29,000 கன அடி திறந்ததைக் குறை சொல்லி, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்று அது எழுதியது. மனிதர் என்று எழுதியிருக்கிறது. எந்த மனிதர் என்று எழுதவில்லை. இன்றுவரை ஒரு அதிகாரியின் பெயர், ஒரு அமைச்சரின் பெயர், ஒரு குறிப்பேட்டில் கையெழுத்து, ஒன்றும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நாட்டில் மழையைத் தவிர யாரும் அன்று பணியில் இருக்கவில்லை.

காட்சியை இப்படி அமைக்கலாம். இரவு. மதகின் பலகை ஒரு பக்கம். போயஸ் தோட்டத்தில் அணையாத விளக்கு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அரசாங்கத்தின் அத்தனை டெலிபோன்களும். முதலமைச்சரிடம் கெட்ட செய்தி சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாத ஓர் ஆட்சியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடலாம். மந்திரிகள் காரின் டயரைப் பார்த்துக் கும்பிட்ட ஊர் இது. ஹெலிகாப்டரைப் பார்த்து வானத்துக்கும் கும்பிட்டார்கள். குனிந்த தலைக்கு ஏரியின் நீர்மட்டம் எப்படித் தெரியும்? அந்தக் குனிவைப் பக்தி என்று 'தலைவி' எடுத்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் விலையைத்தான் அடையாற்றங்கரையில் நாங்கள் கட்டினோம்.

வெள்ளம் வடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அம்மையாரின் குரல் வந்தது. அன்புச் சகோதரியாக ஆறுதல் சொன்னார். வெளியூர்களிலிருந்து பிஸ்கட், ரொட்டி, போர்வை ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் வந்தார்கள். அந்தப் பொட்டலங்களை வழியில் நிறுத்தி அம்மா படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் போனது. கட்சி மறுத்தது. மார்பளவு தண்ணீரிலும் ஒட்டுகிற பசை எந்தக் கம்பெனிப் பசை என்று நாங்கள் விசாரித்தோம். அதைக்கொண்டு அடையாற்றுக் கரையை ஒட்டியிருக்கலாம்.

அவர் செய்த நல்லதைச் சொல்லவில்லையே என்று கட்சிக்காரத் தம்பிகள் கொதிப்பார்கள். தம்பி, அதுவும் என் கோபம்தான். தொட்டில் குழந்தைத் திட்டம், 1992-ல் அனைத்து மகளிர் காவல் நிலையம், 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு ஒன்பதாவது அட்டவணைப் பாதுகாப்பு, வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. எங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிறவனுக்கு ஒரு ரூபாய் இட்லியும் மூன்று ரூபாய் தயிர்ச்சாதமும் என்னவென்று உங்கள் கதாநாயகிக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். இவை எல்லாமே 1991-க்குப் பிறகு. கெட்டதை மறைக்கக் கத்தரி போட்டவர்கள் நல்லதையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சம் நின்றது ஒரு காதல் கதையும் ஒரு சபதமும். ஒரு பெண் முப்பது ஆண்டு அரசியல் செய்ததில் சொல்லத் தகுந்தது அவர் யாரை நேசித்தார் என்பது மட்டுமாம். 1989-ல் சட்டமன்றத்தில் கை நீட்டியவர்கள்கூட அவரை இவ்வளவு சின்னதாக்கவில்லை.

எங்களையும் விட்டுவிட வேண்டாம். வெள்ளம் வடிந்து ஆறாவது மாதம், 2016 மே, தேர்தல். சென்னை நகரத்துத் தொகுதிகளில் பாதிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போயின. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் நான்கிலும் ஜெயித்தது இரட்டை இலை. ஆவடியில் 1,395 ஓட்டில். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை காயவில்லை. விரலில் மையும் காயவில்லை. எந்தக் கறை எதற்கு என்று எங்களுக்கே குழப்பம். கூட்டக் காட்சிக்கு எங்களைக் கூப்பிட்டால் தயக்கமில்லாமல் இரண்டு பக்கமும் நிற்போம்.

இரண்டாம் பாகத்தின் க்ளைமாக்ஸும் எங்களிடமே இருக்கிறது. 2016 செப்டம்பர் 22-ல் மருத்துவமனை, 75 நாள், டிசம்பர் 5-ல் மரணம். நடுவில் இட்லி சாப்பிட்டார் என்று மந்திரிகள் சொன்னார்கள். பிறகு அதே மந்திரிகளில் ஒருவர் நாங்கள் பொய் சொன்னோம் என்றும் சொன்னார். மூன்று மாதத்தில் அறிக்கை என்று தொடங்கிய ஆறுமுகசாமி ஆணையம் ஐந்து ஆண்டு கழித்து 2022 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அவர் போன இரண்டே மாதத்தில் கட்சி உடைந்தபோது எங்கள் மூன்று தொகுதிகளும் மூன்று பக்கம் போயின. ஆவடி எம்.எல்.ஏ. மாஃபா பாண்டியராஜன் பன்னீர்செல்வத்தோடு. பூந்தமல்லி ஏழுமலை தினகரனோடு. 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர், ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. அம்பத்தூர் எடப்பாடியோடு. மின்சார ரயிலில் அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்கினால் அம்மாவின் உண்மையான வாரிசு மாறியிருப்பார்.

அப்புறம் அந்தச் சவப்பெட்டி. 2017 ஏப்ரல், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். பன்னீர்செல்வம் அணியினர் ஜெயலலிதா மாதிரி ஒரு பொம்மை செய்து, கொடி போர்த்தி, பெட்டியில் கிடத்தி, ஜீப்பில் வைத்து ஓட்டுக் கேட்டார்கள். கங்கனாவின் மேக்கப்புக்கு ஹாலிவுட்டிலிருந்து ஆள் வந்தார் என்று பெருமை பேசுகிறீர்களே, எங்கள் ஆட்கள் உள்ளூர்ப் பொம்மைக்காரரை வைத்து நான்கு ஆண்டு முன்னாலேயே பயோபிக் எடுத்து, தெருத்தெருவாக ரிலீசும் செய்துவிட்டார்கள். பணப் பட்டுவாடா என்று அந்த இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. நான்கு மாதம் கழித்து அணிகள் இணைந்தன. எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மந்திரி சபையில் உட்கார்ந்தார்கள். பொம்மை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் ஊராக இப்போது இந்த வியாபாரம்தான். 2019 தேர்தல் நேரத்தில் பிரதமர் மோடிக்குப் படம். ஆணையம் தடுத்து, ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் விட்டார்கள். இந்திய, வங்கதேச அரசுகளே பணம் போட்டு ஷ்யாம் பெனகல் எடுத்த 'முஜிப்' 2023-ல் வந்தது. அடுத்த ஆகஸ்டில் மகள் ஹசீனா நாட்டை விட்டு ஓட, அப்பா சிலைகளை ஜனங்கள் உடைத்தார்கள். அரசு பணம் கொடுத்து எடுத்த 'பெரியார்' எங்களிடமும் உண்டு. 'தலைவி'யின் நாயகி பிறகு இந்திராவாக நடித்து 'எமர்ஜென்சி'யும் இயக்கினார், நடுவில் மண்டியிலிருந்து எம்.பி.யும் ஆகிவிட்டார். அந்தப் படத்தில் ஆட்சி உண்டு, அடக்குமுறை உண்டு, சிறை உண்டு. எதிரணிக் கட்சியின் தலைவி என்றால் நாற்காலிக்குப் பிறகும் கேமரா ஓடும் போலிருக்கிறது.

ஆகவே தயாரிப்பாளர் சார், தாமதிக்க வேண்டாம். ஏரி நிரம்பும் மாதம் பார்த்து ஷெட்யூல் போடுங்கள், மழைக்கு லாரித் தண்ணீர் தேவைப்படாது. கரையான்சாவடி கோர்ட்டு வாசலில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு. பீரங்கி வண்டிக் காட்சியை மறுபடி எடுக்க நினைத்தால் ஆவடியில் டாங்கியே செய்கிறார்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஏஜெண்ட் வேண்டாம். வரிசையில் நிற்க, வெயிலில் காத்திருக்க, கை கூப்ப, தண்ணீரில் நடக்க, யாரோ வரும்வரை கலையாமல் இருக்க எங்களுக்கு ஒத்திகையே தேவையில்லை. ஆளுக்கு இவ்வளவு பேட்டா என்று முதலிலேயே பேசிக்கொள்வோம். மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்தால் போதும், ஸ்டிக்கர் ஒட்டாமல்.